பேரேட்டின் முதற்பக்கம்

விருதுபட்டி என்று வழங்கி வந்த ஊர் 1923-இல் விருதுநகர் என்று பெயர் பெற்றதற்கு முன்னும் பின்னும், மிளகாய் வற்றலும் பருப்பும் எண்ணெயும் ஏலக்காயும் மூட்டை மூட்டையாக வந்திறங்கிய அதன் சந்தை நிலவரத்தை வெளியூர் வியாபாரிகள் ஆவலோடு கவனித்தார்களேயன்றி, அம்மூட்டைகளுக்கு இணையாக மண்டிகளில் சேர்ந்துகொண்டே போன கணக்கு நோட்டுகளைப் பற்றி எவரும் பெரிதாகப் பேசியதில்லை.

பெட்டியடிக்குப் பக்கத்தில் சம்மணமிட்டு அமர்ந்து, பிள்ளையார் சுழியும் அதன் கீழே 'லாபம்' என்ற சொல்லும் இட்டுத் தொடங்கும் கணக்குப்பிள்ளை, முதலில் எழுதுவது சிட்டா. காலையில் சாத்தூர்க்காரர் ஒருவர் எடுத்த பருப்பு, நண்பகலில் கொடுத்த வண்டிக்கூலி, அந்தியில் வசூலான பாக்கி எல்லாம் நடந்தது நடந்தபடியே அதில் வரிசையாக ஏறிவிடும். எழுதுகிறவனுக்கு இதைவிடச் சௌகரியமான முறை வேறில்லை. தேடுகிறவனுக்கு இதைவிடத் தொல்லையான முறையும் வேறில்லை. ஆறு மாதம் கழித்து ஒருவர் படியேறி வந்து, "அண்ணாச்சி, நம்ம கணக்குல பாக்கி எவ்வளவு நிக்குது?" என்று கேட்டால், அவர் தேதியைக் கொண்டுவரவில்லை, தம் பெயரை மட்டுமே கொண்டு வந்திருக்கிறார். அந்தப் பெயரைக் கொண்டு ஆறு மாதச் சிட்டாவையும் புரட்டுவதற்குள் மண்டியின் பாதி வியாபாரம் எதிர்க்கடைக்குப் போய்விடும்.

அதற்காக ஏற்பட்டதே பேரேடு. பெருமை, ஏடு என்று இலக்கணப் பண்டிதர்கள் இச்சொல்லைப் பிரிப்பார்கள். பேர்வாரியாக எழுதும் ஏடு என்று ஒரு மளிகைக்காரர் பொருள் சொன்னால் நான் அவர் கட்சியில் சேர்ந்துகொள்வேன். சிட்டாவின் ஒவ்வொரு வரியும் உரிய ஆசாமியின் பக்கத்துக்குப் பெயர்த்தெழுதப்பட்டு, பற்று வரவோடு அது சிட்டாவில் இருக்கும் பக்கமும் குறிக்கப்படும். பேரேட்டின் முகப்பில் ஒதுக்கிய சில தாள்களிலோ ஆசாமிகளின் பெயர்களும் அவரவர் பக்க எண்களும் மட்டுமே இருக்கும். ஒரே ஜில்லாவில் எத்தனை முனியசாமிகள்! ஆகவே ஊரை முன்னிட்டு, பெயரை அதன் பின் நிறுத்தினால்தான் சாத்தூர்ப் பாக்கி அருப்புக்கோட்டைக்காரர் தலையில் விழாமல் இருக்கும்.

இந்தச் சௌகரியம் இலவசமாகக் கிடைத்ததன்று. கடை சாத்திய பிறகு விளக்கடியில் இருந்து, ஒருமுறை எழுதியதையே மறுமுறையும் எழுதும் சிரமம் கணக்குப்பிள்ளையுடையது. இன்றைய சிட்டா ஏறுவதற்கு முன் பேரேட்டைப் பார்த்துப் பாக்கி சொல்லிவிட்டால் அது நேற்றைய பாக்கியாகவே இருக்கும் என்பதனால், விவரமறிந்தவர் பேரேட்டைப் பார்த்தபின் சிட்டாவின் கடைசிப் பக்கத்தையும் ஒரு கண் பார்த்த பிறகே வாய் திறப்பார். இன்று கம்ப்யூட்டரில் லட்சக்கணக்கான ஆவணங்களைச் சேமித்துத் தேட வகை செய்யும் நிபுணர்கள், ஒவ்வொரு சொல்லையும் ஓர் ஆசாமியாகப் பாவித்து, அது வரும் ஆவணங்களின் எண்களை அதன் கீழே பதிந்துவைக்கிறார்கள். இரட்டை எழுத்து வேலையும், பதிவு பின்தங்கும் சங்கடமும் அவர்களையும் விடவில்லை. 'மரத்தை', 'மரத்தில்' என்று வேஷம் மாற்றி வருகிறவற்றை 'மரம்' என்ற ஒரே ஆசாமியாக அடையாளம் காண்பது தமிழில் அவர்களுக்குக் கூடுதலாக வாய்த்த சிரமம்.

தேடி வருகிறவன் எந்த நுனியைப் பிடித்துக்கொண்டு வருவான் என்ற இந்த விசாரம் நம்மவர்களுக்குப் புதிதன்று. திவாகரம் என்னும் நிகண்டு சொற்களைத் தெய்வம், மக்கள், விலங்கு என்று பொருள்வாரியாகத் தொகுத்தது. மண்டலபுருடரோ சூடாமணி நிகண்டின் பதினோராம் தொகுதியில், ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களைக் கூறுமிடத்து, எதுகையை, அதாவது இரண்டாம் எழுத்தை, வைத்து வரிசைப்படுத்தினார். நெட்டுருப் போட்டவனுடைய காதுக்கு அதுவே உற்ற துணை. 1594-இல் சிதம்பரம் இரேவண சித்தர் அகராதி நிகண்டில் முதலெழுத்தைப் பற்றிக்கொண்டதும், 1732-இல் வீரமாமுனிவர் சதுரகராதியை இயற்றியதும், தேடும் வேலை காதை விட்டுக் கண்ணுக்கு மாறிய கதை.

விருதுநகருக்கு அருகே சிவகாசியில், 1922-இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுவந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் இட்ட வித்து மத்தாப்பாகவும் சரவெடியாகவும் கிளைத்தது போலவே, லேபிள் அச்சிட வந்த யந்திரங்கள் காலண்டரிலும் இறங்கின. தினசரிக் காலண்டர் என்பது ஒரு சிட்டாவே: ஜனவரி முதல் தேதியில் தொடங்கி, முந்நூற்றுச் சொச்சம் தாள்களும் காலவரிசையில். ஆனால் வீட்டிலுள்ள பெண்கள் தேதியைக் கொண்டா வருகிறார்கள்? அமாவாசை என்றைக்கு, கார்த்திகை என்றைக்கு, ஆவணியில் முகூர்த்தம் எத்தனை என்றல்லவா வருகிறார்கள்! அதனால் அட்டையின் பின்புறத்தில் அமாவாசை, பௌர்ணமி, பிரதோஷம், சஷ்டி, சுபமுகூர்த்தம் என்று தலைப்பிட்டு, ஒவ்வொன்றின் கீழும் மாதவாரியாகத் தேதிகளைப் பொடி எழுத்தில் அடுக்கிவிடுகிறார்கள்.

என் தாயார் தேதித் தாளைப் புரட்டி நான் பார்த்ததேயில்லை. காலண்டரை ஆணியிலிருந்து கழற்றி, தாள்கள் தலைகீழாகத் தொங்க அட்டையைத் திருப்பி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து விரலை வைத்துக்கொண்டு, "பதினேழாம் தேதி, வியாழக்கிழமை" என்பார். பிறகு அதைத் திரும்ப மாட்டும் வேலை எங்களுடையது.