அம்மா ஏன் சிரிக்கவில்லை?

எங்கள் ஹாலில் அம்மாவின் படம் ஒன்று மாட்டியிருக்கிறது. 1966-ல் ஊரில் ஒரு ஸ்டூடியோவில் எடுத்தது. அவர் நினைவாக எங்களிடம் இருக்கும் ஒரே படம். போன மாதம் பேத்தி அதைப் பார்த்துவிட்டு, "கொள்ளுப்பாட்டி ரொம்பக் கோபக்காரங்களா தாத்தா?" என்று கேட்டாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தெருவுக்கே கேட்கும்படி சிரிப்பவர் என் அம்மா. கணக்கு எங்கோ இடிக்கிறதே என்று தேடிப் படித்தேன்.

1839-ல் பாரிஸில் டாகுவேர் தன் முறையை வெளியிட்டபோது ஒரு படம் பதியவே பல நிமிடங்கள் ஆயின. அவ்வளவு நேரம் கண் இமைக்காமல் யார் உட்காருவது? 1841 மார்ச்சில் லண்டனில் ரிச்சர்ட் பியர்ட் என்ற நிலக்கரி வியாபாரி, ராயல் பாலிடெக்னிக் கட்டடத்தின் உச்சியில் ஒரு ஸ்டூடியோ திறந்தார். இங்கிலாந்தில் அதுதான் முதலாவது. மொட்டை மாடி எதற்கு என்றால், வெளிச்சம்தான் அந்தத் தொழிலின் முதல். கூரைக்கு நீலக் கண்ணாடி போட்டார். அந்தக் காலத் தகட்டில் நீல ஒளி நன்றாகப் பதியும். சிவப்பும் மஞ்சளும் பதியாது. அதனால் நீலக் கண்ணாடி போட்டால் உட்கார்ந்தவருக்குக் கண் கூசாது, தகட்டுக்கும் நஷ்டமில்லை. நல்ல வெயிலில் சில விநாடிகள், மூட்டம் போட்டால் நிமிடக் கணக்கு. லண்டன் மூட்டத்தைச் சொல்லவும் வேண்டுமா!

'போஸ்' பிறந்தது இப்படித்தான். கை ஆடாமலிருக்க முழங்கையை மேஜைமேல் வைத்தார்கள். தலை ஆடாமலிருக்கப் பின்னால் ஒரு இரும்புக் கவ்வி. முன்னாலிருந்து பார்த்தால் தெரியாது. சிரிப்பை அத்தனை நேரம் பிடித்துவைக்க முடியுமா? வாயை மூடிக்கொள்வதுதான் வசதி. ஓவியருக்கு முன்னால் கம்பீரமாக உட்காரும் பழைய வழக்கமும் அதோடு சேர்ந்துகொண்டது.

பிறகு வடக்குப் பார்த்த பெரிய ஜன்னல்கள் வந்தன. அங்கே நேர் வெயில் விழாது, முகத்தில் நிழல் மென்மையாக இறங்கும். மறுபக்கம் ஒரு வெள்ளைத் துணி பிடித்தால் கண்ணுக்குக் கீழே இருக்கும் கருமை குறையும். 1877 வாக்கில் வான் டெர் வெய்ட் என்பவர் லண்டன் ரீஜென்ட் தெருவில் மின்விளக்கிலேயே படம் எடுத்தார். 1880-களில் வேகமான உலர் தகடுகள் பரவியபின் ஒரு விநாடிகூடத் தேவைப்படவில்லை. கவ்விக்கு வேலை போயிற்று. "அசையாதீங்க" என்ற குரல் மட்டும் போகவில்லை.

1966-லும் அது எங்கள் ஊர் ஸ்டூடியோவில் கேட்டது. அன்று நானும் கூடப் போயிருந்தேன். கறுப்புத் துணிக்குள் தலையை விட்டிருந்த போட்டோக்காரர் வெளியே வந்து, "அம்மா, மூச்சு விடாதீங்க" என்று சொல்லி, லென்ஸ் மூடியைக் கழற்றி, ஒண்ணு, ரெண்டு எண்ணி மூடினார். மூடியதும் அம்மா விழுந்து விழுந்து சிரித்தார், அடக்கிவைத்திருந்தாராம். போட்டோக்காரரும் சிரித்துவிட்டார். படத்தில் இருப்பது அதற்கு முந்தைய இரண்டு விநாடிகள்.

இதைப் பேத்தியிடம் சொன்னேன். நாற்காலியை இழுத்துப்போட்டு ஏறி, படத்தை வெகுநேரம் உற்றுப் பார்த்தவள், "ஆமா தாத்தா, உதட்டு ஓரத்துல கொஞ்சம் தெரியுது" என்றாள்.