முதியவர் ஒருவர் நடத்திய கழகம்

கருணையின் பெயரால் இயற்றப்பெறும் சட்டங்களை அவற்றின் விலக்குகளோடு சேர்த்தே படிக்க வேண்டும் என்பது நம் கருத்து. ஆஸ்திரேலிய அரசு 1908ஆம் ஆண்டில் முதியோருக்கும், உடற்குறையால் உழைக்க இயலாதோருக்கும் உதவித்தொகை வழங்கச் சட்டம் செய்தது. அக்காலத்தில் அஃது அரிய சட்டமே. ஆனால், அந்நாட்டின் பூர்வகுடிகளுக்கு அது கிட்டாது என்று அச்சட்டமே விதித்தது. (அங்குப் பிறவாத ஆசியருக்கும் அதே விலக்குத்தான்!) 1912இல் வந்த பிரசவ உதவித்தொகையும் பூர்வகுடித் தாய்மாரை ஒதுக்கியது. நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்திலோ, 'காப்பு வாரியம்' என்ற பெயருடைய அமைப்பு, நீதிமன்ற விசாரணையின்றியே பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரிக்கும் அதிகாரத்தை 1915இல் பெற்றது. எத்துணைப் பொருத்தமான பெயர்!

அம்மாநிலத்தில் மர்ரி ஆற்றங்கரையிலுள்ள கம்மரகன்ஜாக் குடியிருப்பில் வாழ்ந்தவர் வில்லியம் கூப்பர். அரசுக் குடியிருப்பில் வசிக்கும் பூர்வகுடிகளுக்கு முதியோர் உதவித்தொகை இல்லை. எனவே எழுபது வயதைக் கடந்த நிலையில், 1933இல், சொந்த மண்ணை விட்டு மெல்போர்ன் நகரின் ஃபுட்ஸ்கிரே பகுதிக்குக் குடிபெயர்ந்தார். ஓய்வுக்குரிய அந்த முதுமையில்தான் ஆஸ்திரேலியப் பூர்வகுடிகள் கழகத்தின் செயலாளராக இருந்து உழைத்தார். நாடாளுமன்றத்தில் தம் மக்களுக்குப் பிரதிநிதித்துவம் வேண்டிப் பிரித்தானிய மன்னருக்கு ஒரு விண்ணப்பம் எழுதி, 1,814 பேரின் ஒப்பம் திரட்டினார். அதனை மன்னருக்கு அனுப்புவதில்லை என்று 1938இல் அரசு முடிவு செய்தது.

அதே ஆண்டு டிசம்பர் 6ஆம் நாள், ஜெர்மனியில் யூதர்கள் துன்புறுத்தப்படுவதைக் கண்டித்துக் கழகத்தார் மெல்போர்னிலிருந்த ஜெர்மன் துணைத் தூதரகத்திற்குச் சென்றனர். அவர்களது கண்டன மடலும் ஏற்கப்படவில்லை. தம் நாட்டிலேயே உரிமையற்றோர் பிறர் துயருக்காக நடந்த இச்செய்தியை நாம் வியந்து படித்தோம்.

கூப்பர் 1941இல் மறைந்தார். அவரோடு பணியாற்றிய டக்ளஸ் நிக்கல்ஸ், 1957இல் தோன்றிய பூர்வகுடிகள் முன்னேற்றக் கழகத்தின் தூணாக விளங்கினார். உதவித்தொகைச் சட்டத்தின் விலக்குகள் 1959இல் தளர்ந்து, 1966இல் முற்றிலும் நீங்கின. பின்னர், சிட்னி நகரின் ரெட்ஃபர்ன் பகுதியில் பூர்வகுடிகளே நடத்தும் சட்ட உதவி நிலையம் 1970இலும், மருத்துவ நிலையம் 1971இலும் எழுந்தன.

பிரிக்கப்பட்ட பிள்ளைகளின் நிலை யாது? கோரல் எட்வர்ட்ஸ் என்ற பெண்மணியும் பீட்டர் ரீட் என்ற வரலாற்றாசிரியரும் 1980இல் 'லிங்க்-அப்' என்னும் அமைப்பைத் தொடங்கினர். சிறு வயதிற் பிரிக்கப்பட்டு, வளர்ந்து, தாயின் பெயரும் அறியாதிருந்தோரை உறவினரிடம் சேர்ப்பதே அதன் பணி. பெயர்களையும் ஊர்களையும் தேடுவதற்கு, பிள்ளைகளைப் பிரித்த அதே வாரியத்தின் பழைய பதிவேடுகளைத்தான் அவர்கள் புரட்ட வேண்டியிருந்தது.