உடைந்த கலமும் பங்கீடும்: தோமஸ் குக் நிறுவன வரலாறு பற்றிய ஒரு நோக்கு

நயினாதீவு நாகபூசணி அம்மன் கோவில் வளவிலே தமிழ்க் கல்வெட்டொன்று உள்ளது. முதலாம் பராக்கிரமபாகுவின் (கி.பி. 1153 - 1186) ஆணையைக் கூறும் இச்சாசனத்தைப் பேராசிரியர் கா. இந்திரபாலா 1963ஆம் ஆண்டில் ஆராய்ந்து வெளியிட்டார். பிறநாட்டு வணிகர் ஊராத்துறையிலே, அதாவது இன்றைய ஊர்காவற்றுறையிலே, வந்திறங்க வேண்டும். அவர்கள் காக்கப்பட வேண்டும் என்பது ஆணையின் ஒரு பகுதி. யானை, குதிரை கொண்டுவரும் கலங்கள் உடைந்தால் நாலிலொரு பங்கு அரச பண்டாரத்துக்கும் எஞ்சியது உடையவனுக்கும், வாணிகப் பண்டம் ஏற்றிய கலங்கள் உடைந்தால் சரிபாதி பண்டாரத்துக்கும் சரிபாதி உடையவனுக்கும் உரியன என்பது மற்றொரு பகுதி. அரசனின் கருணையைக் காட்டிலும் அவனது தேவையையே இவ்வாணை புலப்படுத்துகின்றது எனலாம். யானையும் குதிரையும் அவனுக்கு வேண்டியிருந்தன; ஆதலின் அவற்றைக் கொணர்வோனுக்குக் கூடிய பங்கு கிடைத்தது. எனினும், கலம் உடையுமுன்னரே பங்கு வகுத்து, அதனை யாவரும் காணக் கல்லிற் பொறித்து வைத்தமை நோக்கத்தக்கது.

பயணத்தை ஒரு பண்டமாக்கி உலகெங்கும் விற்ற தோமஸ் குக் நிறுவனத்தின் வரலாற்றையும் இக்கல்வெட்டு எழுப்பும் வினாவைக் கொண்டே நோக்கலாம். கலம் உடைந்தபோது யாருக்கு எந்தப் பங்கு கிடைத்தது?

இந்நிறுவனத்தின் தோற்றம் இலாப நோக்கிலே அமைந்ததன்று. 1808இல் இங்கிலாந்தின் டார்பிசயர் பகுதியிலே பிறந்த தோமஸ் குக், மரத்தளபாடம் செய்யும் தொழிலாளி. பப்ரிஸ்ற் சபைப் போதகர். மதுவொழிப்பு இயக்கத்தில் ஈடுபட்டவர். 1841ஆம் ஆண்டு யூலை 5ஆம் நாள், லெஸ்ரரிலிருந்து லப்பரோவில் நடந்த மதுவொழிப்புக் கூட்டத்துக்கு ஏறத்தாழ 500 பேரை ஆளுக்கு ஒரு சிலிங் கட்டணத்தில் புகையிரதத்தில் அழைத்துச் சென்றார். கைத்தொழிற் புரட்சி உருவாக்கிய தொழிலாளர் கூட்டமும் புகையிரதப் பாதையும் அங்கு ஒன்றிணைந்தன. தனியொருவனுக்கு எட்டாத பயணம் கூட்டத்துக்கு எட்டும் என்பதை அவர் கண்டுகொண்டார். 1845இல் லிவர்பூலுக்கு நடத்திய பயணத்துடன் அது அவருக்குத் தொழிலாயிற்று. 1851இல் இலண்டன் மாபெரும் கண்காட்சிக்கு ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அவரது ஏற்பாட்டிற் சென்றனர்.

அதன் பின்னர் இந்நிறுவனம் பிரித்தானியப் பேரரசின் பாதைகளிலேயே வளர்ந்தது. 1868இல் விடுதிச் சீட்டு முறை புகுத்தப்பட்டது. சுயெஸ் கால்வாய் திறக்கப்பட்ட 1869ஆம் ஆண்டிலேயே குக்கின் பயணிகள் எகிப்தையும் பலஸ்தீனத்தையும் கண்டனர். 1872இல் தொடங்கி 222 நாள்கள் நீடித்த உலகப் பயணத்தின் வழியில் இலங்கையும் இடம்பெற்றது. 1884இல், சூடானில் முற்றுகைக்குள்ளான ஜெனரல் கோர்டனை மீட்கச் சென்ற படையை நைல் நதிவழியே ஏற்றிச் சென்ற பொறுப்பும் இந்நிறுவனத்தினதே. மதுவொழிப்புக் கூட்டத்துக்கு ஆள் சேர்த்த முயற்சி ஐம்பது ஆண்டுகள் நிறையுமுன்னரே பேரரசின் போக்குவரத்து முகவராயிற்று. தந்தையின் சமயப் பற்றுக்கும் மகன் ஜோன் மேசன் குக்கின் வணிக நோக்குக்கும் இடையிலான முரண்பாடு இம்மாற்றத்தின் வெளிப்பாடாகும்.

இருபதாம் நூற்றாண்டில் உடைமை பல முறை கைமாறியது. 1928இல் வகோன்-லி என்னும் புகையிரதக் கொம்பனியிடம் சென்ற நிறுவனம், 1948இல் பிரித்தானியப் புகையிரத சேவையுடன் அரசுடைமையாகி, 1972இல் மீண்டும் தனியாரிடம் சென்றது. இதற்கிடையில், 1950இல் விளாடிமிர் றைற்ஸ் என்பவர் விமானப் பயணம், தங்குமிடம், உணவு ஆகியவற்றை ஒரே விலைக்குள் அடக்கி, 32 பவுண் 10 சிலிங்குக்குக் கோர்சிக்காத் தீவுக்கு ஆள் அனுப்பினார். முழுத்தொகைச் சுற்றுலாவின் நவீன வடிவம் இவ்வாறு தோன்றியது. 1974இல் கோர்ட் லைன் கொம்பனி வீழ்ந்து பல்லாயிரவர் அந்நிய நாடுகளில் தவித்தபோது, பயணியின் முற்பணத்துக்குப் பாதுகாப்பு வேண்டுமென்பது பிரித்தானியாவில் உறுதிப்பட்டது.

2007இல் தோமஸ் குக், மைராவல் கொம்பனியுடன் இணைந்தது. இணைப்பினால் பெருகிய கடனையும், பயணிகள் இணையத்தில் தாமே பயணச் சீட்டையும் விடுதியையும் தேடிக்கொள்ளும் புதிய பழக்கத்தையும் அதனால் எதிர்கொள்ள இயலவில்லை. 2019 செப்டெம்பர் 23ஆம் நாள் அது கலைக்கப்பட்டது. ஏறத்தாழ 1,50,000 பிரித்தானியப் பயணிகளை அந்நாட்டு விமானப் போக்குவரத்து அதிகாரசபை இரண்டு வாரங்களில் நாடு சேர்த்தது. உலகெங்கும் ஏறத்தாழ 21,000 ஊழியர்களின் வேலை கேள்விக்குரியதாயிற்று.

இங்கேதான் நயினாதீவுக் கல்வெட்டின் வினா மீண்டும் எழுகின்றது. பயணிக்குச் சட்டத்தின் காப்பு இருந்தது. அவனுக்கு அறை கொடுத்து உணவு சமைத்தவனுக்கு என்ன இருந்தது? விடுதிகளுக்குரிய பணம் பல வாரங்கள் பிந்தியே வழங்கப்படுவது இத்தொழிலின் வழக்கம். எனவே ஸ்பெயின், கிரேக்கம், துருக்கி, துனிசியா முதலிய நாடுகளின் விடுதிக்காரர் அக்கோடையில் உழைத்த உழைப்புக்குரிய பணத்தை இழந்து நின்றனர். துனிசியாவின் ஹம்மாமெத் நகர விடுதியொன்றில், பணம் கிடைக்காதென அஞ்சியோர் வாயிலை மூடி விருந்தினரைத் தடுத்ததாக அந்நாள்களில் செய்தி வெளியாயிற்று. அச்செயல் நியாயமானதன்று, ஆயினும் அதன் பின்னிருந்த அச்சம் பொய்யானதன்று. பயணியைக் காத்த நாடு கொம்பனியின் தலைமையகம் இருந்த நாடு. விருந்தோம்பிய நாடுகளுக்காகப் பங்கு வகுத்த கல்வெட்டு எதுவும் இருக்கவில்லை.

தீவகத்துக்கு இவ்வரலாறு தூரத்துக் கதையன்று. இங்குக் கடற்பயணம் நெடுங்காலமாக உல்லாசமாக இருந்ததில்லை. அது பிழைப்பாகவும் வழிபாடாகவும் இருந்தது. அம்மன் திருவிழாவுக்கு வருவோருக்கு அன்னதான மண்டபத்தில் உணவு கிடைத்தது. கட்டணச் சீட்டு அங்குத் தேவைப்படவில்லை. இதே கடலிலே, 1985 மே 15ஆம் நாள், நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகின் பயணிகளுள் குழந்தைகள் உட்பட 23க்கும் மேற்பட்டோர் படுகொலை செய்யப்பட்டனர். பயணியைக் காக்கவேண்டுமென ஆணை பொறித்த கல் நிற்கும் கடற்பரப்பிலேயே இது நிகழ்ந்தது. ஆணை இருப்பது மட்டும் போதாது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டியதில்லை.

2009இல் யுத்தம் முடிந்த பின்னர் குறிகட்டுவான் துறையிலே மக்கள் திரளுகின்றனர். நாகவிகாரைக்கும் அம்மன் கோவிலுக்கும் யாத்திரிகர் வருகின்றனர். நெடுந்தீவின் குதிரைகளையும் பவளக்கல் மதில்களையும் பெருக்கு மரத்தையும் காணப் பிறரும் வருகின்றனர். வருவோரை வரவேற்பதில் தீவகத்துக்குத் தயக்கம் இருக்கவேண்டியதில்லை. அது எமது பண்பாட்டின் கூறே. ஆனால் நாளை இப்பயணங்கள் எங்கோவொரு நகரில் முழுத்தொகைக்கு விற்கப்படும் நிலை வருமாயின், படகோட்டிக்கும் கடைக்காரருக்கும் சமையல் செய்யும் பெண்களுக்கும் உரிய பணம் எப்போது, யார் பொறுப்பில் வழங்கப்படும் என்பது தொடக்கத்திலேயே எழுத்தில் அமையவேண்டும். 178 ஆண்டுகள் நிலைத்த நிறுவனமே ஓரிரவில் வீழ்ந்தது. கலம் உடைந்த பின்னர் பங்கு கேட்போன் கரையில் நின்று கைவிரிக்க நேரும் என்பதே அதன் வீழ்ச்சி தீவகத்துக்கு உணர்த்தும் பாடமாகும்.