முப்பது வருடம் காத்திருந்த ஆராய்ச்சிக் கட்டுரை

ராத்திரி கரண்ட் போன சமயத்தில் டார்ச் லைட்டை விரல் நுனியில் அழுத்திப் பிடித்துப் பார்த்திருப்பீர்கள். விரல் முழுக்கச் சிவப்பாகத் தெரியும். சின்ன வயதில் உள்ளே இருக்கிற ரத்தம்தான் அப்படித் தெரிகிறது என்று நினைத்துக் கொண்டிருந்தேன். பாதி சரி. டார்ச்சிலிருந்து வருவது எல்லா நிறமும் கலந்த வெள்ளை ஒளி. அதில் நீலத்தையும் பச்சையையும் ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின் விழுங்கி விடுகிறது. சிவப்பு மட்டும் தப்பித்து மறுபக்கம் வருகிறது.

அந்தச் சிவப்புக்கும் அப்பால் இருக்கிறது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. அது இன்னும் சுலபமாக உள்ளே போகும். சுமார் 700 முதல் 900 நானோமீட்டர் அலைநீளம் வரை நம் உடம்பில் ஒரு ஜன்னல் திறந்து கிடக்கிறது என்றே சொல்லலாம். அதற்குக் கீழே போனால் ரத்தம் மறிக்கும். மேலே போகப் போகத் தண்ணீர் மறிக்கும். கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு வாங்கி வைத்தோமே, விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர், அதுகூட ஒரு சிவப்பு விளக்கையும் ஒரு அகச்சிவப்பு விளக்கையும் வைத்துத்தான் ஆக்சிஜன் அளவைக் கணக்குப் போடுகிறது.

ஆனால் ஆக்சிமீட்டர் தருவது ஒரு எண். படம் வேண்டும் என்றால் கதையே வேறு. ஒரு டம்ளர் பாலுக்குப் பின்னால் விளக்கை வைத்தால் வெளிச்சம் வரும், விளக்கின் உருவம் வராது. ஒளி உள்ளே சிதறிப் போய்விடும். நம் சதையும் மூளையும் ஏறக்குறைய அந்தப் பால் மாதிரிதான்.

உயிரியல்காரர்கள் பல காலமாகச் செய்து வந்த வழி இது. செல்லுக்குள் ஒரு சாயத்தை ஏற்றி, அதன் மேல் நீல ஒளியைப் பாய்ச்சுவார்கள். சாயம் பச்சையாக ஒளிரும். அதைப் படம் பிடிப்பார்கள். மெல்லிய சீவலுக்கு இது அருமையான முறை. தடிமனான, உயிருள்ள திசுவுக்குச் சரிவராது. நீல ஒளி ரொம்பச் சிதறும். போகிற வழியில் இருக்கிற சாயத்தையெல்லாம் ஒளிர வைத்துப் படத்தைக் கலங்கலாக்கும். செல்லுக்கும் கெடுதல். சரி, ஆழமாகப் போகிற அகச்சிவப்பையே அனுப்பலாமே என்றால், அதன் ஒரு ஃபோட்டானுக்கு அந்தச் சாயத்தைத் தூண்டும் அளவு சக்தி இல்லை. 800 நானோமீட்டர் ஃபோட்டானின் சக்தி, 400 நானோமீட்டர் ஃபோட்டானுடையதில் சரியாகப் பாதி.

அப்படியானால் இரண்டு ஃபோட்டான்களை ஒரே நேரத்தில் விழுங்கினால்? இரண்டு அரை சேர்ந்து ஒன்று ஆகாதா?

ஆகும் என்று கணக்குப் போட்டுக் காட்டியவர் ஒரு மாணவி. வருடம் 1930. அன்றைக்கு லேசர் கிடையாது. லேசர் என்ற சொல்லே கிடையாது.

அவர் பெயர் மரியா கோப்பர்ட். 1906-ல் பிறந்தவர். அப்பா ஜெர்மனியில் உள்ள கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் குழந்தை மருத்துவப் பேராசிரியர். அப்பா வழியில் ஆறு தலைமுறையாகப் பேராசிரியர்கள், ஏழாவது தலைமுறையாக மகள் வரவேண்டும் என்பது வீட்டு எதிர்பார்ப்பு. கணிதம் படிக்கச் சேர்ந்தவர் இயற்பியலுக்குத் தாவிவிட்டார். 1920-களின் கோட்டிங்கனில் அது பெரிய ஆச்சரியமில்லை. குவாண்டம் இயற்பியல் அங்கேதான் மாக்ஸ் பார்னைச் சுற்றி உருவாகிக் கொண்டிருந்தது. மரியா பார்னின் மாணவி. அவருடைய முனைவர் பட்டத் தேர்வில் உட்கார்ந்திருந்த பார்ன், ஜேம்ஸ் ஃப்ராங்க், வின்டாவ்ஸ் மூவருமே முன்போ பின்போ நோபல் பரிசு வாங்கியவர்கள். (நம் செமினாரில் ஒரு ஹெச்.ஓ.டி. வந்து உட்கார்ந்தாலே நாக்கு உலர்ந்து போகிறது!)

ஆய்வேடு 1931-ல் 'அன்னாலன் டெர் ஃபிசிக்' இதழில் வெளிவந்தது. அதன் சாரம் இதுதான். ஒரு மூலக்கூறு மேல் நிலைக்குப் போக ஒரு ஃபோட்டானின் சக்தி போதாது என்று வைத்துக் கொள்வோம். நடுவில் நிற்க ஒரு படியும் கிடையாது. இருந்தாலும் இரண்டு ஃபோட்டான்கள் ஏறத்தாழ ஒரே கணத்தில் வந்தால், இரண்டையும் சேர்த்து ஒரே நிகழ்வாக விழுங்கி மேலே தாவ முடியும். பழைய இயற்பியலில் ஒளியை இப்படி எண்ணிச் சேர்க்க இடமே இல்லை. குவாண்டம் கணக்கில் இடம் உண்டு, ஆனால் நிகழ்தகவு மிக மிகக் குறைவு.

நம்ம திருச்சியில் பிறந்த சர் சி.வி. ராமன் 1928-ல் கண்டுபிடித்த விளைவும் இதற்குச் சொந்தக்காரன்தான். அங்கே ஒரு ஃபோட்டான் உள்ளே போய் வேறு நிறத்தில் ஒன்று வெளியே வருகிறது, இரண்டும் சேர்ந்து ஒரே நிகழ்வு. மரியாவின் கணக்கில் இரண்டுமே உள்ளே போகின்றன. ராமன் விளைவைச் சோதனைச் சாலையில் பார்க்க முடிந்தது. மரியாவுடையதை முடியவில்லை.

ஏன் முடியவில்லை என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. நன்றாக ஒளிரக்கூடிய ஒரு சாய மூலக்கூறை நல்ல வெயிலில் வைத்தால், ஏறக்குறைய நொடிக்கு ஒரு முறை அது ஒரு ஃபோட்டானை விழுங்கும். அதே மூலக்கூறு இரண்டு ஃபோட்டான்களைச் சேர்த்து விழுங்குவது எத்தனை நாளுக்கு ஒரு முறை தெரியுமா? ஒரு கோடி வருடத்துக்கு ஒரு முறை! எந்த விளக்கைக் கொண்டு வந்து சோதிப்பது? கட்டுரை அப்படியே கிடந்தது.

கட்டுரையைப் போலவே அதை எழுதியவரும் காத்திருக்க வேண்டி வந்ததுதான் எனக்கு மனசு ஆறாத விஷயம். 1930-ல் ஜோசஃப் மேயர் என்ற அமெரிக்க வேதியியலாளரைத் திருமணம் செய்து கொண்டு, அவருக்கு வேலை கிடைத்த ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்துக்குப் போனார். கணவன் வேலை பார்க்கும் இடத்தில் மனைவிக்குப் பதவி கிடையாது என்பது அன்றைய விதி. ஜெர்மன் மொழிக் கடிதங்களுக்கு உதவி செய்ததற்கு ஏதோ சின்னத் தொகை கொடுத்தார்கள். பாடம் நடத்தினார், ஆராய்ச்சி செய்தார், 1940-ல் கணவருடன் சேர்ந்து புள்ளியியல் இயந்திரவியல் பாடநூல் எழுதினார். அதற்குள் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்கு வந்தாயிற்று. அங்கேயும் சம்பளமில்லை. 1946-ல் சிகாகோ. பேராசிரியர் என்று பட்டம் உண்டு, கூடவே 'தன்னார்வ' என்று ஒரு ஒட்டு. பக்கத்தில் இருந்த ஆர்கான் ஆய்வகத்தில் பகுதி நேர வேலைக்கு மட்டும் சம்பளம் வந்தது. ஆனாலும் தன்னை ஒரு தொல்லையாக நினைக்காமல் கைநீட்டி வரவேற்ற முதல் இடம் சிகாகோதான் என்று அவரே பின்னால் எழுதியிருக்கிறார். எவ்வளவு குறைந்த எதிர்பார்ப்பு பாருங்கள்!

அணுக்கருவின் கூடு மாதிரியை அவர் உருவாக்கியது அந்தச் சிகாகோ நாட்களில்தான். முழுச் சம்பளத்தோடு பேராசிரியர் வேலை கிடைத்தது 1960-ல், கலிஃபோர்னியாவின் சான் டியாகோவில். அப்போது அவருக்கு வயது 54 நெருங்கிவிட்டது. போய்ச் சேர்ந்த கொஞ்ச நாளில் பக்கவாதம். 1963-ல் கூடு மாதிரிக்காக நோபல் பரிசு வந்தபோது, சான் டியாகோ அம்மா ஒருவருக்கு நோபல் என்கிற ரீதியில் உள்ளூர்ப் பத்திரிகை தலைப்புப் போட்டது.

அவருக்குப் பேராசிரியர் வேலை கிடைத்த அதே 1960-ல், மே 16 அன்று, அதே கலிஃபோர்னியாவில், மாலிபுவில் இருந்த ஹியூஸ் ஆய்வகத்தில் தியோடர் மெய்மன் முதல் லேசரை எரிய வைத்தார். ரூபி லேசர், 694 நானோமீட்டர், ஆழ்ந்த சிவப்பு. அடுத்த வருடமே பெல் ஆய்வகத்தில் கைசர், காரெட் என்ற இருவர் அந்தச் சிவப்பு ஒளியை யூரோப்பியம் கலந்த கால்சியம் ஃப்ளோரைடு படிகத்தின் மேல் பாய்ச்சினார்கள். படிகம் நீலமாக ஒளிர்ந்தது. சிவப்பு உள்ளே போய் நீலம் வருவதென்றால் இரண்டு ஃபோட்டான்கள் சேர்ந்தே ஆகவேண்டும். மரியாவின் கணக்கு சரியாக இருந்தது. கட்டுரை வெளிவந்து அப்போது முப்பது வருடம்.

இதை மைக்ராஸ்கோப்புக்குள் கொண்டு வர இன்னும் ஒரு முப்பது வருடம். 1990-ல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் டென்க், ஸ்டிரிக்லர், வெப் மூவரும் செய்து காட்டினார்கள். முதலில் பயன்படுத்தியது சிவப்புச் சாய லேசர். சீக்கிரமே அகச்சிவப்பில் வேலை செய்யும் டைட்டானியம் சஃபையர் லேசர் வந்து அந்த இடத்தைப் பிடித்துக் கொண்டது.

இந்த லேசரின் சாமர்த்தியத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். இரண்டு ஃபோட்டான்கள் ஒரே கணத்தில் ஒரே மூலக்கூறில் விழ வேண்டுமென்றால் கூட்டம் நெரிய வேண்டும். ஆனால் அவ்வளவு பலமான ஒளியைத் தொடர்ந்து பாய்ச்சினால் திசு வெந்துவிடும். அதனால் ஒளியைச் சின்னச் சின்னத் துடிப்பாக நறுக்கி அனுப்புகிறார்கள். ஒரு துடிப்பு சுமார் 100 ஃபெம்டோநொடி. நொடிக்கு 8 கோடி துடிப்புகள். பெருக்கிப் பார்த்தேன்: ஒரு நாள் முழுக்க லேசர் ஓடினாலும் ஒளி உண்மையில் பாய்ந்த மொத்த நேரம் ஒரு நொடிகூட இல்லை, 0.7 நொடி! சராசரியாகப் பார்த்தால் 10 மில்லிவாட்தான், ஆனால் அந்தத் துடிப்புக்குள் கிலோவாட்டைத் தாண்டும்.

இன்னொரு லாபம், ஒளி இரட்டிப்பானால் ஒளிர்தல் நான்கு மடங்காகும். எனவே லென்ஸ் குவிக்கும் அந்த ஒரு புள்ளியில் மட்டும்தான் சாயம் ஒளிரும். மேலேயும் கீழேயும் இருட்டு. புள்ளியை நகர்த்திக் கொண்டே போனால் படம் தயார். அந்தப் புள்ளியிலிருந்து கிளம்பும் பச்சை ஒளி வெளியே வரும் வழியில் சிதறினாலும் கவலையில்லை, எங்கிருந்து வந்தது என்று நமக்குத்தான் தெரியுமே. பாலின் கலங்கலை ஜெயித்தது இப்படித்தான். திசுவுக்குள் அரை மில்லிமீட்டருக்கும் மேலே இறங்கிப் பார்க்க முடிந்தது.

2001-ல் பாஸ்டன் நகரில் ஒரு குழு, உயிருள்ள எலியின் மூளையில் அல்சைமர் நோயின் அமிலாய்டு படிவுகளை இந்த முறையில் படம் எடுத்தது. ஆன்டிபாடி மருந்து கொடுத்த பின் அதே படிவுகள் மறைவதையும் நேரடியாகப் பார்த்தது. என் பாட்டி கடைசி இரண்டு வருடம் என்னை அப்பா பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார். அந்த எலிப் படங்களை முதலில் பார்த்தபோது எனக்கு இயற்பியல் ஞாபகமே வரவில்லை. மனிதத் தலைக்குள் இப்படிப் பார்க்க இன்னும் வழியில்லை, மண்டையோடு பெரிய தடை. தோலில் முடிகிறது. ஜெர்மனியில் சந்தேகப்படும் மச்சங்களை வெட்டி எடுக்காமல், சாயமும் ஏற்றாமல், செல்லில் இயற்கையாகவே ஒளிரும் பொருட்களை வைத்துப் பார்க்கும் கருவி செய்தார்கள்.

மரியா 1972-ல் காலமானார். அந்த மைக்ராஸ்கோப்பை அவர் பார்க்கவில்லை. ஒரு மூலக்கூறு இரண்டு ஃபோட்டான்களை எவ்வளவு நன்றாக விழுங்கும் என்பதை அளக்கும் அலகுக்கு இன்று 'கோப்பர்ட் மேயர்' என்று பெயர்.

இயற்பியலில் மேரி கியூரிக்கு அடுத்து நோபல் வாங்கிய பெண் மரியா. அவருக்கு அடுத்தவர் வர 55 வருடம் ஆனது: 2018-ல் கனடாவின் டோனா ஸ்டிரிக்லண்ட். மிகச் சிறிய லேசர் துடிப்புகளை மிக அதிக பலத்துக்குப் பெருக்கும் முறைக்காகக் கிடைத்தது. முனைவர் பட்டத்துக்காக அவர் எழுதிய ஆய்வேட்டிலேயே மரியாவின் 1931-ம் வருடக் கட்டுரையை மேற்கோள் காட்டியிருக்கிறார். பரிசு அறிவித்த அன்று ஸ்டிரிக்லண்ட் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் இணைப் பேராசிரியர்தான். ஏன் இன்னும் முழுப் பேராசிரியர் ஆகவில்லை என்று கேட்டார்கள். தான் விண்ணப்பமே போடவில்லை என்றார்.