குறிசுடாத அணி: போட்லண்ட் மவரிக்ஸ் கழகமும் பேஸ்போல் தொழிலின் உடைமையுறவுகளும் (1973–1977)

ஐக்கிய அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்திலுள்ள போட்லண்ட் நகரிலே 1973ஆம் ஆண்டு தொடங்கி 1977ஆம் ஆண்டுடன் மறைந்துபோன பேஸ்போல் அணியொன்றின் வரலாறே இக்கட்டுரையின் பொருளாகும். ‘போட்லண்ட் மவரிக்ஸ்’ எனப் பெயர்பெற்ற அவ்வணி ஐந்து பருவங்கள் மட்டுமே ஆடியது. அதுவும் தொழில்முறைப் பேஸ்போலின் கீழ்ப்படிகளுள் ஒன்றிலேயே ஆடியது. இத்துணைச் சிறிய கழகமொன்றின் வரலாற்றை ஆராயவேண்டிய தேவை யாது என்ற வினா எழுவது இயல்பே. அதற்கான விடை அக்கழகத்தின் முடிவிலே தங்கியுள்ளது. பார்வையாளரின்றியோ வருவாயின்றியோ மடிந்த கழகமன்று மவரிக்ஸ். தனது மிகச் சிறந்த பருவத்தை ஆடி முடித்த வேளையிலேயே அது களத்திலிருந்து அகற்றப்பட்டது. ஒரு நிறுவனத்தின் வெற்றியே அதன் முடிவுக்குக் காரணமாவது எங்ஙனம் என்பதை விளங்கிக்கொள்வதற்கு, ஆட்டத்தின் கதையோடு நின்றுவிடாது, ஆடுகளம் எவருக்கு உரியது என்னும் உடைமைப் பிரச்சினையையும் நோக்குதல் வேண்டும்.

அணியின் பெயரே இப்பிரச்சினையைச் சுட்டி நிற்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே டெக்சாஸ் பகுதியில் வாழ்ந்த சாமுவேல் மவரிக் என்பவர் தமது மாடுகளுக்குக் குறிசுடாது விட்டார். அதனால் உடையவர் எவரெனத் தெரியாது திரியும் குறிசுடாத கன்றுக்கு ‘மவரிக்’ என்னும் பெயர் வழங்கலாயிற்று. பின்னர் எக்குழுவினும் அடங்காத மனிதருக்கும் அச்சொல் ஆகிவந்தது. எல்லா மாடுகளுக்கும் குறி சுடப்பட்டிருந்த மந்தையொன்றில் குறியின்றிப் புகுந்த கன்றாகவே போட்லண்ட் அணியும் விளங்கியது.

பண்ணை முறையின் வளர்ச்சி

அமெரிக்கப் பேஸ்போல் அமைப்பிலே பெருநகரக் கழகங்களைக் கொண்ட மேஜர் லீக் உச்சியில் உள்ளது. அதன் கீழே பல படிகளாக மைனர் லீக் கழகங்கள் அமைந்துள்ளன. இக்கீழ்ப்படிக் கழகங்கள் தொடக்கத்திலேயே மேலுள்ளவற்றின் உடைமைகளாக இருந்தன அல்ல. 1901ஆம் ஆண்டிலே மைனர் லீக்குகள் தமது நலன்களைக் காக்கும் பொருட்டுத் தேசியச் சங்கமொன்றை நிறுவின. அக்காலத்திலே பெரும்பாலான சிறுநகர்க் கழகங்கள் உள்ளூர் உரிமையாளரைக் கொண்டிருந்தன. தாமே ஆட்டக்காரரைக் கண்டெடுத்துப் பயிற்றி, மேற்படிக் கழகங்களுக்கு விற்று வருவாய் பெற்றன.

இந்நிலையை மாற்றியவர்களுள் முதன்மையானவர் செயின்ற் லூயிஸ் கார்டினல்ஸ் கழகத்தை நிருவகித்த பிராஞ்ச் ரிக்கி ஆவார். ஆட்டக்காரரை விலைகொடுத்து வாங்கும் வசதியற்ற அக்கழகம், அவர்களை உருவாக்கும் சிறு கழகங்களையே 1920களில் தன்வசப்படுத்தத் தொடங்கியது. 1940ஆம் ஆண்டளவில் முப்பதுக்கும் மேற்பட்ட கழகங்கள் அதன் பிடியிலே இருந்தன. ‘பண்ணை முறை’ எனப்பட்ட இவ்வமைப்பை ஏனைய பெருங்கழகங்களும் பின்பற்றின. சந்தையிலே வாங்குவதை விட்டு உற்பத்தி மூலங்களையே உடைமையாக்கும் போக்கு, கைத்தொழில் முதலாளித்துவத்தின் பிற துறைகளிலும் நாம் காண்பதே.

சட்டமும் இதற்கு இசைந்து நின்றது. பேஸ்போல் தொழில் ஏகபோகத் தடைச் சட்டத்துக்கு உட்பட்டதன்று என 1922இலே அமெரிக்க உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆட்டக்காரர் ஒருவரின் ஒப்பந்தம் முடிந்த பின்னரும் அவரைத் தம்மிடமே வைத்திருக்கும் உரிமையைக் கழகங்களுக்கு வழங்கிய ‘ஒதுக்கீட்டு விதி’ அத்தீர்ப்பின் நிழலிலே நிலைபெற்றது. மைனர் லீக் பந்தெறிஞர் ஜோர்ஜ் ரூல்சன் தொடுத்த வழக்கிலே 1953இலும், கேர்ட் பிளட் தொடுத்த வழக்கிலே 1972இலும் அந்நீதிமன்றம் முன்னைய நிலைப்பாட்டையே உறுதிசெய்தது.

இரண்டாம் உலகப் போரின் பின்னர் மைனர் லீக்குகள் அடைந்த வளர்ச்சி குறுகிய காலத்ததே. 1949இல் 59 லீக்குகள் இயங்கின. ஏறத்தாழ நான்கு கோடி நுழைவுச்சீட்டுகள் விற்பனையாயின. ஆயின், மேஜர் லீக் ஆட்டங்களை வீட்டிலிருந்தவாறே பார்க்கும் வாய்ப்பைத் தொலைக்காட்சி வழங்கியதும் சிறுநகர் அரங்குகள் வெறிச்சோடின. 1960களின் முற்பகுதியிலே லீக்குகளின் எண்ணிக்கை இருபதுக்கும் கீழே வீழ்ந்தது. எஞ்சிய கழகங்கள் பெருங்கழகங்கள் வழங்கும் சம்பளப் பணத்திலே தங்கியிருக்கலாயின. எவரை ஆடவிடுவது, எவரை எப்போது வேறிடத்துக்கு மாற்றுவது என்பனவற்றைத் தீர்மானிக்கும் அதிகாரம் உள்ளூரை விட்டு அகன்றது. வெற்றிக்காக ஆடுதல் என்பது மேலிடத்துக்கு ஆள் பயிற்றுதல் என்பதற்கு இரண்டாம்பட்சமாயிற்று. சுயாதீனக் கழகம் என்பது ஏறக்குறைய இல்லாதொழிந்தது.

ஐந்நூறு டொலர்க் கழகம்

போட்லண்ட் நகருக்குப் பேஸ்போல் புதியதன்று. பசிபிக் கரையோர லீக் 1903இலே ஆரம்பமானபோதே அந்நகர் அதில் இடம்பெற்றிருந்தது. பின்னாளிலே மேஜர் லீக்குக்கு அடுத்த படியாக வகுக்கப்பட்ட அந்த லீக்கிலே போட்லண்ட் பீவர்ஸ் அணி நெடுங்காலம் ஆடியது. பார்வையாளர் தொகை வீழ்ச்சியுற்றமையால் 1972ஆம் ஆண்டுப் பருவத்தின் பின்னர் அக்கழகம் வொஷிங்டன் மாநிலத்தின் ஸ்போகேன் நகருக்குப் பெயர்ந்தது. போட்லண்ட் பேஸ்போலுக்கு ஆகாத நகரம் என்ற கருத்து வலுப்பெற்றது.

இவ்வெற்றிடத்திலேதான் பிங் ரசல் பிரவேசித்தார். ‘பொனான்சா’ என்னும் தொலைக்காட்சித் தொடரிலே துணைக் காவலதிகாரியாக நடித்து அறியப்பட்டிருந்த அவர், இளமையிலே பேஸ்போல் ஆடியவர். ஆட்ட நுணுக்கங்களை ஆழ்ந்து கற்றவர். ஜூன் நடுப்பகுதியிலிருந்து ஓகஸ்ற் இறுதிவரை மட்டும் நடைபெறும், தாழ்ந்த படியினதான வடமேற்கு லீக்கிலே 500 டொலர் கட்டணம் செலுத்திப் போட்லண்டுக்கு இடம்பெற்றார். எந்த மேஜர் லீக் கழகத்தோடும் அவர் இணையவில்லை. அதனால் மேலிடத்துச் சம்பளப் பணம் அவருக்கில்லை. மேலிடத்துக் கட்டளையும் இல்லை.

ஆட்டக்காரரைத் தெரிவுசெய்த முறையும் வேறுபட்டிருந்தது. விரும்பிய எவரும் வந்து தமது திறமையைக் காட்டலாம் என அழைப்பு விடுக்கப்பட்டது. பண்ணை முறையினாலே கழித்துவிடப்பட்டோர், வயது மிகுந்ததென ஒதுக்கப்பட்டோர், எக்கழகத்தாலும் பார்க்கப்படாதோர் எனப் பலர் நாட்டின் பல திசைகளிலிருந்தும் வந்து சேர்ந்தனர். வழமைக்கு மாறாக இடக்கையாலே எறியும் பந்துபிடிப்பாளர் ஒருவரும் அவ்வணியில் ஆடினார். ரசலின் மகனும் நடிகருமான கேர்ட் ரசல் 1973இலே அணியில் இடம்பெற்றிருந்தார். மாதச் சம்பளம் முந்நூறு டொலர் அளவினதே. இன்னொரு பருவமாவது ஆடத் தகுதியுடையோர் உளர் என்று கருதிய ரசல், முப்பது பேர்வரை அணியிலே வைத்திருந்தார்.

இவர்களுள் தனித்துக் குறிப்பிடத்தக்கவர் ஜிம் பௌற்றன் ஆவார். நியூயோர்க் யாங்கீஸ் அணியின் புகழ்பெற்ற பந்தெறிஞராயிருந்த அவர், 1970இலே வெளியிட்ட ‘போல் ஃபோர்’ என்னும் நூலிலே ஆட்டக்காரரின் அன்றாட வாழ்வையும் சம்பள விடயத்திலே கழகங்கள் நடந்துகொண்ட முறையையும் ஒளிவுமறைவின்றி எழுதினார். பேஸ்போல் நிருவாகத்தின் கடும் சினத்துக்கு ஆளாகி ஆட்டத்திலிருந்து ஒதுங்கியிருந்த அவர், 1975இலும் 1977இலும் மவரிக்ஸ் அணிக்காகப் பந்தெறிந்தார். 1978இலே தமது 39ஆவது வயதில் அற்லாண்டா பிரேவ்ஸ் அணியினூடாக மேஜர் லீக்குக்கு மீண்டார். பண்ணை முறை வழங்கிய மதிப்பீடு முடிந்த முடிபன்று என்பதற்கு இஃதொரு சான்றாகும்.

நிருவாகத்திலும் மரபு மீறல் காணப்பட்டது. பேஸ்போல் கழகமொன்றின் பொது முகாமையாளராகப் பெண்ணொருவர் பணிபுரிவது மிக அரிதாயிருந்த அக்காலத்திலே லானி மொஸ் என்னும் இளம்பெண் அப்பொறுப்பை ஏற்றார். ஆசிய வமிசாவளியினரான ஜோன் யோஷிவாராவும் அப்பதவியை வகித்தார். அரங்கினுள்ளே வணிக நிறுவனங்களின் விளம்பரங்களுக்கு ரசல் இடமளிக்கவில்லை.

இவ்வணி ஆட்டத்திலும் சளைத்ததன்று. ஐந்து பருவங்களுள் நான்கிலே தனது பிரிவின் முதலிடத்தைப் பெற்றது. 1977இலே 44 ஆட்டங்களில் வென்று 22இலே தோற்று, லீக்கின் சிறந்த பெறுபேற்றை ஈட்டியது. அப்பருவத்திலே ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்டோர் போட்லண்ட் அரங்குக்கு வந்தனர். அத்தகைய குறும்பருவ லீக்கிலே அது அன்றைய சாதனைத் தொகையாகும். எனினும் இறுதித் தொடரிலே சியாற்றில் மரினர்ஸ் கழகத்தின் பண்ணை அணியான பெலிங்ஹாம் மரினர்ஸிடம் மவரிக்ஸ் தோல்வியுற்றது. அதுவே அவ்வணியின் இறுதி ஆட்டமுமாயிற்று.

வெற்றியின் விலை

போட்லண்ட் பேஸ்போலுக்கு ஆகாத நகரமன்று என்பதை மவரிக்ஸ் நிறுவியதும், அந்நகரைக் கைவிட்டுச் சென்ற பசிபிக் கரையோர லீக்கின் பார்வை மீண்டும் அதன்மேல் விழுந்தது. மைனர் லீக் விதிகளின்படி ஒவ்வொரு கழகத்துக்கும் ஓர் ஆட்புலம் உண்டு. ஆயின் உயர்படி லீக் ஒன்று விரும்பின், கீழ்ப்படிக் கழகத்தின் ஆட்புலத்தை நட்டஈடு செலுத்தித் தனதாக்கிக்கொள்ளலாம். கீழுள்ள கழகம் மறுக்க இயலாது. விலையைப் பற்றி மட்டுமே வாதிடலாம்.

ரசலுக்கு 26,000 டொலர் தர முன்வந்தனர். அவரோ 206,000 டொலர் கோரினார். பிணக்கு மத்தியஸ்தத்துக்குச் சென்றது. தீர்ப்பு ரசலுக்குச் சாதகமாகவே அமைந்தது. கோரிய தொகை முழுவதும் வழங்கப்பட்டது. மைனர் லீக் ஆட்புலமொன்றுக்கு அதுகாறும் வழங்கப்பட்ட தொகைகளுள் அதுவே மிகப் பெரிதெனக் கூறப்படுகிறது. 1978இலே பீவர்ஸ் என்னும் பெயரிலே புதிய உயர்படி அணி போட்லண்டில் ஆடியது. மவரிக்ஸ் இல்லாதொழிந்தது.

இம்முடிவைச் சிறியவன் பெரியவனை வென்ற கதையாகச் சொல்லும் வழக்கமுண்டு. ரசலின் பேரர்களான சப்மன் வேய், மக்லெயின் வேய் இருவரும் 2014இலே வெளியிட்ட ஆவணப்படம் இக்கதையை உலகறியச் செய்தது. அப்படத்தின் பெறுமதியை மறுப்பதற்கில்லை. ஆயினும் வரலாற்று மாணவன் வேறொரு வினாவை எழுப்பவேண்டியவனாகிறான். 500 டொலர்ப் பெறுமதியான ஆட்புலம் ஐந்தாண்டுகளிலே 206,000 டொலர்ப் பெறுமதியை எய்தியது எங்ஙனம்? போட்லண்டின் நிலப்பரப்பு மாறவில்லை. மாறியது மக்களுக்கும் அணிக்குமிடையேயான உறவு. ரசலின் துணிவும் முகாமைத்திறனும் அதில் உரிய பங்கைப் பெறுவன. அத்துடன், சொற்ப சம்பளத்துக்கு ஆடியோரின் உழைப்பும், மாலைதோறும் அரங்கை நிறைத்த நகரமாந்தரின் பற்றும் சேர்ந்தே அப்பெறுமதியைப் படைத்தன. மத்தியஸ்தம் அளந்தது அக்கூட்டுப் படைப்பினை. கொடுத்தது ஆட்புலத்தின் உடையவருக்கு. ஆட்டக்காரருக்கோ பார்வையாளருக்கோ அவ்வழக்கிலே சட்டபூர்வமான இடமேதும் இருக்கவில்லை. தமது அணி தொடரவேண்டுமா என்று போட்லண்ட் மக்களிடம் எவரும் கேட்கவில்லை.

ஆகவே மவரிக்ஸைத் தொழிலாளர் கூட்டுறவாகவோ, அமைப்புக்கெதிரான இயக்கமாகவோ கொள்வது மிகையாகும். அது தனியொருவரின் உடைமை. அதன் சுதந்திரம், பெருங்கழகங்கள் பயனற்றதென எறிந்துவிட்ட இடத்திலே கிடைத்த சுதந்திரம். அவ்விடம் பயனுள்ளதென நிரூபிக்கப்பட்ட கணமே அச்சுதந்திரத்தின் காலமும் முடிந்தது. இம்முரண்பாடே அக்கழக வரலாற்றின் சாரம் எனலாம்.

பிற்கால நிகழ்ச்சிகள்

இம்முரண்பாடு மவரிக்ஸோடு முடிந்துவிடவில்லை. பிரிவுபசாரம் ஏதுமின்றி மவரிக்ஸை வெளியேற்றிய உயர்படி பேஸ்போல், போட்லண்டை 1993ஆம் ஆண்டுப் பருவத்தின் பின்னர் மீண்டும் கைவிட்டது. 2001இலே திரும்பி வந்து, 2010உடன் மறுபடியும் அகன்றது. பழைய அரங்கு உதைபந்தாட்டத்துக்கென மாற்றியமைக்கப்பட்டது.

1993இலே தோன்றிய சுயாதீன லீக்குகள், பெருங்கழகப் பணமின்றியும் பேஸ்போல் நிலைக்கலாம் என்பதைப் பரந்த அளவிலே காட்டின. அவற்றுள் புகழ்பெற்ற செயின்ற் போல் செயின்ற்ஸ் கழகம் 2021இலே மினசோற்றா ருவின்ஸ் கழகத்தின் உயர்படிப் பண்ணை அணியாக உள்வாங்கப்பட்டது. அதே ஆண்டிலே மேஜர் லீக் மைனர் லீக் அமைப்பு முழுவதையும் தன் நேரடி நிருவாகத்தின்கீழ்க் கொணர்ந்து, இணைப்புக் கழகங்களின் தொகையை 120ஆகக் குறைத்தது. நாற்பதுக்கும் மேற்பட்ட கழகங்கள் இணைப்பிழந்தன.

மறுபுறத்திலே ஆட்டக்காரர் தாமே ஒன்றுபட்டமை கவனத்துக்குரியது. 2018இலே நிறைவேறிய சட்டமொன்று மைனர் லீக் ஆட்டக்காரரை மேலதிகநேரக் கொடுப்பனவு உள்ளிட்ட சம்பளப் பாதுகாப்புகளிலிருந்து பெரிதும் விலக்கியிருந்தது. 2022இலே அவர்கள் மேஜர் லீக் ஆட்டக்காரர் சங்கத்திலே இணைந்தனர். 2023இலே தமது முதலாவது கூட்டு உடன்படிக்கையின் மூலம் குறைந்தபட்சச் சம்பளத்தை இருமடங்குக்கும் மேலாக உயர்த்திக்கொண்டனர். மவரிக்ஸ் அணியினருக்குக் கிட்டாத பேரம்பேசும் வலு, அரை நூற்றாண்டின் பின்னர் அமைப்புக்கு உள்ளிருந்தே பிறந்தது.

தொகுத்து நோக்குமிடத்து, மவரிக்ஸ் விட்டுச்சென்ற பாடம் இருவகைத்து. மேலிடத்தின் ஆதரவின்றியும் மக்கள் ஓர் ஆட்டத்தைத் தமதாக்கிக்கொள்ள முடியும் என்பது ஒன்று. தமதாக்கிக்கொண்டதைத் தம்மிடமே வைத்திருப்பதற்குப் பற்றும் திறமையும் மட்டும் போதா. உரிமையும் அமைப்பும் வேண்டும் என்பது மற்றையது. குறிசுடாத கன்று சுதந்திரமாகத் திரியலாம். ஆயின் புல்வெளிக்கு உடையவன் ஒருவன் இருக்கும்வரை, அக்கன்று எங்கே எதுவரை மேயலாம் என்பதை அவனே தீர்மானிப்பான்.