கல்லில் நின்ற கட்டமும் கரியில் போட்ட கட்டமும்

தமிழகத்தின் பழைய கோயில் மண்டபங்களில் தரையைக் கவனித்துப் பார்த்தால், சில இடங்களில் முக்கோணமாகக் கீறிய கோடுகள் தெரியும். அவை ஆடுபுலி ஆட்டத்தின் கட்டங்கள். ஹம்பியின் கல்தரைகளிலும் இப்படிப்பட்ட கட்டங்கள் உண்டு. கன்னடத்தில் ஆடு ஹுலி, தெலுங்கில் புலி மேக என்று பெயர் மாறினாலும் வேட்டை ஒன்றுதான். இந்த ஆட்டத்தின் பழமையைப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இந்தக் கீறல்களையே சான்றாகக் காட்டுகிறார்கள். ஆனால் அந்தக் கல்லின் மேல் யார் உட்கார முடிந்தது?

மண்டபத்தில் சாவகாசமாக ஆட இரண்டு வேண்டும்: உள்ளே வரும் உரிமை, வேலை ஒழிந்த பொழுது. மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் ஒடுக்கப்பட்ட சாதியினர் நுழைந்த போராட்டம் 1939 ஜூலை 8 அன்றுதான் நடந்தது. சென்னை மாகாணம் முழுவதற்குமான ஆலய நுழைவுச் சட்டம் 1947இல் வந்தது. நுழையும் உரிமை இருந்த சாதிகளிலும் பெண்ணுக்கு மாதத்தில் சில நாட்கள் வாசல் அடைபட்டது. மற்ற நாட்களில் வேலை ஓயவில்லை.

அதனால் பெண்கள் ஆடாமல் இருந்துவிடவில்லை. கரித்துண்டாலோ சுண்ணாம்புக் கட்டியாலோ வீட்டுத் தரையில் கோடு போட்டார்கள். புளியங்கொட்டை ஆடானது, கூழாங்கல் புலியானது. உலை கொதித்தால் ஆட்டம் பாதியில் நின்றது. மறுநாள் தரையைக் கூட்டி மெழுகியபோது கட்டமும் போனது. மெழுகியதும் அவர்கள் கைதான். பல்லாங்குழியும் தாயமும் பெண்களுடையவை, ஆடுபுலி ஆண்களுடையது என்று பிரிக்கும்போது, மிஞ்சிய கல்லை மட்டும் எண்ணி, மெழுகப்பட்ட தரையை விட்டுவிடுகிறோம்.

ஆட்டத்தின் விதிகளையும் பாருங்கள். கட்டத்தில் 23 புள்ளிகள். 3 புலிகள், 15 ஆடுகள். ஆடுகளை ஒவ்வொன்றாக இறக்க வேண்டும்; பதினைந்தும் இறங்கும்வரை ஓர் ஆடும் நகரக் கூடாது. புலிகளோ அதற்குள்ளேயே நகரும். பக்கத்தில் நிற்கும் ஆட்டைத் தாண்டி அடுத்த காலிப் புள்ளியில் குதித்தால் அந்த ஆடு வெட்டுப்படும். ஆட்டுக்கு வெட்டும் உரிமை கிடையாது. ஆனால் ஓர் ஆட்டின் பின்னால் இன்னொன்று நின்றுவிட்டால் புலியால் தாண்ட முடியாது. இப்படியே அடைத்து மூன்று புலிகளையும் அசையவிடாமல் செய்தால் ஆடுகள் ஜெயிக்கும்.

மேடையிலும் செய்தித்தாளிலும் 'ஆடுபுலி ஆட்டம்' என்றால் இரண்டு தந்திரசாலிகளின் மோதல் என்று பொருள். ஆடுகளின் பக்கம் உட்கார்ந்து ஆடியவருக்குத் தெரிந்தது வேறு: தனியாக நிற்கும் ஆடு இரையாகும், பின்னால் துணை இருந்தால் புலி நிற்கும்.

கல்லில் கீறிய கட்டங்களைப் படம் எடுப்பதற்கு ஆள் இருக்கிறார்கள். உங்கள் வீட்டு ஆச்சியிடமோ அத்தையிடமோ கரித்துண்டைக் கொடுத்துக் கட்டம் போடச் சொல்லுங்கள். யாரிடம் கற்றார்கள், எந்த வேளையில் ஆடினார்கள், எதற்காக எழுந்து போனார்கள் என்று கேளுங்கள். தரையை மெழுகுவதற்குள் அதை எழுதி வையுங்கள்.