அல்லிராணிக் கோட்டை

மன்னார் மாவட்டத்தில் அருவியாறு கடலோடு சேரும் அரிப்புக் கிராமத்துக்குச் சற்றுத் தெற்கே, கடலோர மண்மேட்டின் விளிம்பில் நிற்கும் பாழடைந்த மாளிகையே அல்லிராணிக் கோட்டை. பெயரில் கோட்டை என்றிருந்தாலும் இது குடியிருக்கக் கட்டப்பட்ட வீடு. இலங்கையின் முதலாவது பிரித்தானியத் தேசாதிபதி பிரெடரிக் நோர்த் (பதவிக்காலம் 1798–1805) முத்துக்குளிப்பு நாட்களில் தங்குவதற்காக இதைக் கட்டுவித்தார். ஆங்கிலேயர் இதை 'டொரிக்' என்று அழைத்தனர். பண்டைய கிரேக்கத் தூண்முறை ஒன்றின் பெயர் அது.

உண்மையான கோட்டை அரிப்பு ஊருக்குள் இருக்கிறது. போர்த்துக்கேயர் எழுப்பி, 1658இல் மன்னாரோடு சேர்த்து ஒல்லாந்தர் கைப்பற்றிய சிறு காவலரண் அது. கண்டி இராச்சியத்தில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சிறைப்பட்டிருந்த ஆங்கிலேயர் றொபேட் நொக்ஸ், அருவியாற்றங்கரைக் காட்டு வழியே தப்பி, 1679 ஒக்டோபரில் இந்தக் காவலரணையே வந்தடைந்தார்.

டொரிக் மாளிகை 1801க்கும் 1804க்கும் இடையில் எழுந்தது. செங்கல்லால் கட்டி, முத்துச்சிப்பி ஓட்டைச் சுட்டெடுத்த சுண்ணாம்பால் பூசினார்கள். சுவர் பளிங்குபோல மின்னியதாக, நோர்த்தின் காலத்தில் இங்கு வந்த பாதிரியார் ஜேம்ஸ் கோடினர் 1807இல் வெளியான தமது நூலில் வியந்து எழுதியுள்ளார். கடலின் செல்வத்தைக் கண்காணிக்க வந்த ஆட்சி, அந்தக் கடலின் ஓட்டையே தன் வீட்டுக்குப் பூச்சாக்கியது. இந்தக் கட்டடத்தின் கதையில் என்னை மிகவும் ஈர்ப்பது இதுதான். இன்றும் உடைந்த சுவரில் கை வைத்தால் அந்தச் சாந்தின் இறுக்கம் தெரியும்.

மேல்மாடியிலிருந்து பார்த்தால் தெரிந்த உலகம் பெரியது. கடல் அமைதியாகும் மாசி, பங்குனியில் இக்கரையில் ஓலைக்குடிசை நகரமே முளைக்கும். தூத்துக்குடி, கீழக்கரை, இராமேசுவரம், யாழ்ப்பாணம் என எங்கிருந்தும் வள்ளங்கள் வரும். குளிகாரர் கல்லைக் காலில் கோத்துப் 'பார்' எனப்படும் சிப்பிப் படுகைகளில் இறங்குவார்கள். சுறா தீண்டாதபடி மந்திரம் சொல்லக் கரையில் 'கடல்கட்டி' இருப்பார். அவரில்லாமல் குளிகாரர் நீரில் இறங்கமாட்டார்கள். கொண்டுவந்த சிப்பியைக் கொட்டிலில் எண்ணிப் பங்கிட்டு, நாட்கணக்கில் அழுகவிட்டுக் கழுவித்தான் முத்தெடுப்பார்கள். அந்த நாற்றம் கடற்கரை முழுதும் பரவும். 1906ஆம் ஆண்டுக் குளிப்பில் அதிகாரியாகப் பணியாற்றிய லெனார்ட் வூல்ஃப் பின்னாளில் தம் சுயசரிதையில் இதை விரிவாக எழுதினார். அப்போது சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கு. உயிரைப் பணயம் வைத்தவருக்கு ஒரு பங்குதான்.

பார்கள் ஆண்டுதோறும் விளைவதில்லை. 1837க்குப் பின் 1855 வரை குளிப்பே நடக்கவில்லை. மாளிகையின் தேவையும் அதோடு குறைந்தது. 1905இல் பெருவிளைச்சல் கண்ட கடலை மறு ஆண்டே ஒரு தனியார் நிறுவனத்துக்குக் குத்தகைக்கு விட்டனர். அடுத்த சில ஆண்டுகளிலேயே விளைவு அற்றுப்போனது.

கட்டியவரின் பெயரைக் கரையோர மக்கள் வைத்துக்கொள்ளவில்லை. முத்துக்கடலை ஆண்டவளாக நாட்டார் கதை சொல்லும் அல்லியரசிக்கு இந்த வீட்டைக் கொடுத்துவிட்டார்கள். தெற்கே குதிரைமலையையும் அவளுக்கே உரியதாகச் சொல்வார்கள். வரலாற்றின்படி இது பிழை. ஆனால் இந்தக் கடலின் உரிமை யாருக்கு என்பதை மக்கள் எப்படி நினைத்தார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

தென்னிலங்கையின் காலிக் கோட்டைக்குள் ஒல்லாந்தர் கால வீடுகளில் இன்றும் மனிதர் வாழ்கிறார்கள். 1988இல் அது உலக மரபுரிமைத் தலமானது. மன்னார்க் கரைக்கு அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை. உள்நாட்டுப் போர்க்காலத்தில், இங்கு வரும் வழியிலுள்ள உயிலங்குளம் போரிட்ட இருதரப்புக்கும் இடைப்பட்ட சோதனைச்சாவடியாக இருந்தது. அதற்கு அப்பால் பயணம் எளிதாக இருக்கவில்லை. அரிப்பு அடங்கிய முசலிப் பகுதி மக்களே இடம்பெயர்ந்திருந்தனர். ஆளில்லாத ஆண்டுகளிலும் கடல் தன் வேலையை நிறுத்தவில்லை. அலை மேட்டை அறுக்க அறுக்க, கடற்பக்கச் சுவர்கள் சரிந்து கீழே விழுந்துவிட்டன.

இன்று உயிலங்குளத்திலிருந்து நானாட்டான் வழியாக அருவியாற்றைக் கடந்து இங்கு வரலாம். வருபவர்கள் சுவரில் ஏறவேண்டாம், விளிம்புக்குப் போகவேண்டாம். கரைக்குக் கல்லணை கட்டி, நிற்கும் சுவர்களையேனும் அளந்து வரைந்து வைக்கவேண்டியது தொல்லியல் துறையின் உடனடிக் கடமை.